தடை முடிந்த பின் எட்டு நாள்

போன மாதம் ஒரு காலை சுதர்சினி தொலைபேசி எடுத்தாள். திருகோணமலைத் துறைமுகத்தில் உணவுப் பரிசோதகராக நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். வெளிநாட்டு உணவுப் பொருள் ஒன்றுக்கு அவசரத் தடை வந்திருக்கிறதாம்.

"மேடம், ஒரு சின்னச் சந்தேகம். தடை நாள் எண்ணுறது கட்டளை வெளிவந்த நாளிலயிருந்தோ, எங்கட கைக்குக் கிடைச்ச நாளிலயிருந்தோ?"

"வெளிவந்த நாளிலயிருந்து. எங்களுக்குக் கிடைக்காமலே போனாலும் அந்த நாளிலயிருந்துதான்" என்றேன்.

"உங்களுக்கு எல்லாம் விரல் நுனியில இருக்கு மேடம். அலுவலக மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன். நாங்களும் அறிஞ்சு வைப்பம்."

விரல் நுனியில் இருப்பதாக அவள் சொன்னது எனக்குச் சுட்டது. அந்த ஒரு விடயத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. சரி, கேட்டாள், எழுதுகிறேன். மலரில் போடுவதா விடுவதா என்பது அவளுடைய பாடு.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஒரு வருடம் படம் பார்த்துப் பூச்சிகளின் பெயர் படித்தோம். இங்கே வந்து பார்த்தால் ஒரு பூச்சியும் படத்தில் இருந்த மாதிரி இல்லை. முதல் நாள் களஞ்சியத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், "மிஸ், சீலையோட மேல ஏறுவீங்களோ, இல்லாட்டி கீழ நிண்டு பார்த்திட்டுப் போவீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சீலைக் கொய்யகத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உச்சி மூட்டை வரை ஏறினேன். இறங்கத்தான் தெரியவில்லை. இரண்டு பேர் ஏணி கொண்டுவந்தார்கள். அதன் பிறகு யாரும் என்னைப் பகிடி பண்ணவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஏணியைக் காட்டிக் காட்டியே ஒரு வருடம் சிரித்தார்கள்.

எங்கள் துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பலும் சீமெந்துக் கப்பலும்தான் பெரும்பாலும் வரும். இடைக்கிடை சிறிய கப்பல்களில் பருப்பு, செத்தல் மிளகாய், நெத்தலிக் கருவாடு, பேரீச்சம்பழம் என்று வரும். காலை ஏழு மணிக்குக் களஞ்சியக் கதவைத் திறந்தால் நனைந்த சாக்கு மணமும் உப்புக் காற்றும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். ஓய்வு பெற்று இவ்வளவு காலமாகியும் ஏழு மணிக்கு அந்த மணத்துக்காக மனம் ஏங்குகிறது. வீட்டில் பருப்பு டின்னைத் திறந்து மணந்து பார்த்திருக்கிறேன். அது வேறு மணம்.

என் மேலதிகாரி குணரெத்தினம் சேர். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேட்டு, சேட்டுப் பையில் ஆறங்குல அடிமட்டம். ஒரு கட்டளையோ சுற்றுநிருபமோ வந்தால் அடிமட்டத்தை அதன் கடைசி வரிக்குக் கீழே வைத்துவிட்டு அங்கிருந்து மேல்நோக்கி வாசிப்பார்.

"முடியிற இடத்தை முதல் பாருங்கோ. துவங்கிற இடத்தை எல்லாரும் வாசிப்பினம். எங்க முடியுது எண்டு தெரியாதவனுக்கு அதிகாரம் குடுத்தால் அவன் நிப்பாட்ட மாட்டான்" என்பார்.

ஒருமுறை டின் மீனுக்குத் தடை வந்தது. அந்த நேரம் பார்த்து நெத்தலிக் கருவாடு ஒரு கப்பல் வந்து நின்றது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் கத்தினார். மீன் என்றால் மீன்தானே, எல்லாவற்றையும் பிடித்து வையுங்கள் என்றார். சேர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் முடிக்கும் வரை இருந்தார். பிறகு, "சேர், கட்டளையில டின்னில அடைச்ச மீன் எண்டுதான் இருக்கு. இது சாக்கில வந்திருக்கு. நெத்தலியை டின்னுக்குள்ள போட எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். வழமை போல மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு அன்று பின்னேரமே கருவாட்டை விட்டோம். திரும்ப அழைப்பு வரும் என்று நான் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேத்தண்ணிக்குள் மாரி பிஸ்கட் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவசரத் தடை என்பது எங்களுக்குக் கடன் கொடுக்கப்பட்ட அதிகாரம் என்பதை அவரிடம்தான் கண்டேன். சாதாரண நாளில் ஒரு பொருளை நிறுத்த வேண்டுமானால் அதில் குறை இருப்பதைக் காட்ட வேண்டும். அவசரத் தடையில் குறை காட்டத் தேவையில்லை, சந்தேகமே போதும். அதனால்தான் எந்தப் பொருள், எந்த நாட்டுப் பொருள், எத்தனை நாளுக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்த நாள் முடிவதற்குள் ஆய்வுகூடம் குறை கண்டால் அந்தப் பொருளுக்கு வேறு கட்டளை போடலாம். காணாவிட்டால் விட வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் சட்டத்துக்கு வெளியே நாங்கள் செய்யும் காரியம்.

இனி ஹனீபா ஹாஜியாரின் கதைக்கு வருகிறேன்.

கிண்ணியாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பெரிய முதலாளி இல்லை. எங்கள் துறைமுகம் இருக்கும்போது கொழும்பில் போய் ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்லி, வருடம் ஒருமுறை நோன்புக்கு முன் பேரீச்சம்பழம் நேரே இங்கே இறக்குவார். பாதியை விற்பார். மீதியைக் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள பள்ளிவாசல்களுக்கு நோன்பு திறக்கக் கொடுத்துவிடுவார். சுனாமிக் கடல் வந்து அடித்த வருடம் அவருடைய வீட்டில் ஓர் ஆளும் குறையவில்லை. அன்று வைத்த நேர்த்தி அது.

நோன்பு மாதத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வாளியில் கஞ்சி அனுப்புவார். இஞ்சியும் ரம்பை இலையும் போட்ட இறைச்சிக் கஞ்சி. சேர் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். ஹாஜியாரின் கோப்பு ஏதும் திறந்திருந்தால் வாளி வந்த வழியே திரும்பிப் போகும். கோப்பு மூடியிருந்தால் முதல் கோப்பைக் கஞ்சி சேருடையது. ஹாஜியாருக்கும் அது தெரியும். "சேர், கோப்ப மூடுங்க, கஞ்சி ஆறுது" என்று வாசலில் நின்றே சொல்லுவார்.

அந்த வருடம் அவர் பழம் வாங்கும் நாட்டில் பழங்களுக்கு ஏதோ நஞ்சு மருந்து அடித்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த நாளே தொலைபேசியில் தடை வந்தது. ஹாஜியாரின் பழம் அப்போதுதான் களஞ்சியத்துக்குள் ஏறியிருந்தது. சேர் கண் சத்திரசிகிச்சைக்கு லீவில் போயிருந்தார். பதில் கடமையில் நான் இருந்தேன்.

எல்லாம் முறையாகவே செய்தேன். மாதிரி எடுத்து மூன்று பங்காக்கி, நூல் கட்டி அரக்கு வைத்தேன். ஒன்று கொழும்புக்கு. ஒன்று உரிமையாளருக்கு. ஒன்று எங்கள் அலுமாரிக்கு. தடைக் கட்டளை அச்சான வர்த்தமானி என்கிற அரசிதழ் எட்டு நாள் பிந்தித் தபாலில் வந்தது. சேர் செய்வது போல அடிமட்டத்தைக் கடைசி வரியில் வைத்தேன். இத்தனை நாளுக்கு அமுலில் இருக்கும் என்று இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் 'கிடைத்தது' என்ற முத்திரையையும் திகதியையும் குத்துவோம். பதில் எழுதும் தவணை, மேன்முறையீட்டுத் தவணை எல்லாவற்றையும் அந்த முத்திரையிலிருந்துதான் எண்ணுவோம். கை பழகிய வேலை. முத்திரையைக் குத்தினேன். அதிலிருந்து எண்ணி, சுவர்க் கலண்டரில் கடைசி நாளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன்.

ஹாஜியார் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வருவார். முந்தின காலம் என்றால் துறை கடக்கப் பாதை என்கிற அந்த மிதவைக்குக் காத்து நிற்க வேண்டும். பாலம் வந்த பிறகு பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். என் மேசைக்கு முன்னால் இருந்து, "எத்தின நாள் இரிக்கி மகள்?" என்பார். நான் கலண்டரைப் பார்த்துச் சொல்வேன். "சரி, அல்லாஹ் போதுமானவன்" என்று எழும்பிப் போவார். பத்து மணியானால் நான் வாசலைப் பார்க்கப் பழகிவிட்டேன். அவருடைய கோப்பைச் சரியாக நடத்துகிறேன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

ஒரு நாள் அவருடைய மகன் ரிஸ்வானும் கூட வந்தார். இளம் வயது, சூடான ஆள். நின்றபடியே கதைத்தார்.

"மேடம், கொழும்பில எல்லாருட பழத்தையும் இண்டைக்குக் காலையிலயே விட்டுட்டாங்களாம். தடை முடிஞ்சிட்டாம். எங்கட மட்டும் ஏன் கிடக்கு?"

நான் தடுமாறவே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.

"கொழும்புக்கு வர்த்தமானி அண்டைக்கே கிடைச்சிருக்கும் தம்பி. எங்களுக்குப் பிந்தித்தானே வந்தது. எங்கட கணக்குக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு" என்றேன்.

"அப்பிடி ஒரு சட்டமா? வாப்பா, நாம கோட்டுக்குப் போவம்."

ஹாஜியார் மகனின் கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினார். "மகள் எண்ணினாச் சரியாத்தான் இரிக்கும். படிச்ச புள்ள. சும்மா இரி" என்றார்.

கொழும்புக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். வர்த்தமானியின் முதல் வரியை இன்னொருமுறை வாசித்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. என்னை நம்பி மகனை அடக்கினார் என்ற சந்தோசப் புளுகத்தில் இருந்தேன்.

நோன்பு பிறந்தது. கடைத்தெருவில் எல்லாரிடமும் பேரீச்சம்பழம் இருந்தது, ஹாஜியாரின் பழம் மட்டும் அரக்குப் போட்டபடி கிடந்தது. நாலாம் நோன்பன்று சிவப்பு வட்டம் வந்தது. காலையிலேயே விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கி, "பெரிய உதவி மகள்" என்று மட்டும் சொன்னார். நோன்புக் களைப்பு என்று நினைத்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு சேர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். வந்ததும் வராததுமாக, நான் நடத்திய கோப்புகளை எல்லாம் கேட்டார். பூதக்கண்ணாடி பிடித்து ஒவ்வொரு தாளாக வாசித்தார். ஹாஜியாரின் கோப்பில் நெடுநேரம் நின்றார். அடிமட்டத்தை எடுத்து வர்த்தமானியின் தலைப்புக்குக் கீழே வைத்தார். அவர் தலைப்பில் அடிமட்டம் வைத்ததை அன்றுதான் கண்டேன்.

"இதை வாசியுங்கோ பிள்ளை."

'இக்கட்டளை வெளியிடப்படும் திகதியிலிருந்து' என்று இருந்தது.

"முத்திரை விழுந்த நாளிலயிருந்து எண்ணியிருக்கிறியள். தடை நாடு முழுக்க ஒரே நாளில துவங்கி ஒரே நாளில முடியிறது. திருகோணமலைக்கு எட்டு நாள் பிந்தி விடியிறதில்லை."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அந்தக் கிழமைதான் ஆய்வுகூட முடிவும் வந்திருந்தது, பழத்தில் ஒரு குறையும் இல்லை என்று. குறை இருந்தால் மட்டும் உரிமையாளருக்கு அறிவிப்பது எங்கள் வழக்கம். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவோம்.

சேர் அன்று பின்னேரம் ஒரு கடிதம் எழுதித் தட்டச்சு அடித்துக் கொண்டுவந்தார். 'தங்கள் பழங்கள் தடை முடிந்த பின்னும் எட்டு நாள் வைத்திருக்கப்பட்டது, நாள் எண்ணியதில் எனக்கு ஏற்பட்ட பிழையினாலேயே. பழங்களில் எவ்வித குறையும் காணப்படவில்லை' என்று இரண்டே வசனம். கீழே என் பெயர். அதற்கு மேல் வெறும் இடம்.

"எண்ணினது நீங்கள். நான் கையெழுத்துப் போட்டால் அது பொய்யாப் போகும். வற்புறுத்த மாட்டன்" என்றார்.

பதவியுயர்வு நேர்முகத்துக்கு எனக்கு அழைப்பு வந்திருந்த நேரம் அது. அந்தக் கடிதம் போனால் என் தனிப்பட்ட கோப்புக்கும் ஒரு பிரதி போகும். ரிஸ்வான் அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கே போகலாம். அது ஒரு பயம். அதை விடப் பெரிது, எண்ணுவதில் பிழைவிடாதவள் என்று எனக்கு இருந்த பெயர். நாளைக்குப் போடுவோம் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். பழம்தான் போய்ச் சேர்ந்துவிட்டதே, எட்டு நாளில் என்ன கெட்டுவிட்டது என்று மனதுக்குச் சமாதானமும் சொன்னேன்.

சேர் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் நாளில் மேசையில் இருந்த எல்லாவற்றையும் எனக்கு ஒப்படைத்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் அவர் முன்னாலேயே போட்டிருப்பேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் விழாதா என்று இருக்கிறது.

ஹாஜியார் அதன் பிறகு பழம் இறக்கவில்லை. ஆனால் நோன்பு வந்தால் கஞ்சி மட்டும் தவறாமல் வந்தது. அவருடைய கோப்பு ஒன்றும் திறந்திருக்கவில்லை, சேரின் விதிப்படி தாராளமாகக் குடிக்கலாம். நான் என் கோப்பையைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவேன். ஒருமுறை மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் தரிப்பில் கண்டபோது, "நீங்க எனக்குச் செஞ்ச உதவிய மௌத்தாகும் மட்டும் மறக்க மாட்டன் மகள்" என்றார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். பிறகு அவரை நான் காணவில்லை. சில வருடங்களில் காலமாகிவிட்டார் என்று அறிந்தேன். வீட்டுக்குப் போக நினைத்து, அன்றும் நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

சுதர்சினி தொலைபேசி எடுத்த அடுத்த நாள், ஓய்வு பெற்ற நாளில் லாச்சியிலிருந்து கொண்டுவந்து வீட்டு அலுமாரியில் வைத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு கிண்ணியா பஸ் ஏறினேன். ரிஸ்வான் கடையில் இருந்தார். தாடி நரைத்திருந்தது. அடையாளம் கண்டு, "மேடம், வாங்க, இரிங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு வசனத்தை வாசிக்க அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

"அப்ப பழத்தில ஒண்டும் இல்லையா?"

"இல்லை தம்பி. எண்ணினதில மட்டும்தான் பிழை. என்ர பிழை."

ரிஸ்வான் கடிதத்தை மடித்தார், திரும்ப விரித்தார்.

"எல்லாருட பழமும் வெளிய வந்து நம்மட மட்டும் நிண்டதால, நம்மட பழத்தில ஏதோ இரிக்கி எண்டு வாப்பா முடிவு கட்டிட்டார் மேடம். ஒரு பழம் விக்கல்ல. பள்ளிக்கும் குடுக்கல்ல. நோன்பாளிக்குச் சந்தேகமானதக் குடுக்க ஏலாது எண்டு முழுக்க வயல்ல குழி வெட்டித் தாட்டுட்டார். ஆருக்கும் சொல்லப்படாது எண்டு எங்களுக்கும் சொல்லிட்டார். மேடம் நாள் கணக்கு எண்டு சாட்டுச் சொல்லி, விசயத்த வெளிய விடாம நம்மட பேரக் காப்பாத்தினவ எண்டுதான் கடைசி மட்டும் சொல்லிக்கிட்டிருந்தார். ஒங்களுக்கு துஆச் செய்யாத நாள் இல்ல."

பஸ் தரிப்பில் நான் முகத்தைத் திருப்பிய மனிதர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு கையெழுத்து. அதை அன்றைக்குப் போட்டிருந்தால் அந்த மனிதர் தன் பழத்தைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு மிச்சக் காலத்தை வாழ்ந்திருக்க மாட்டார். அடுத்த வருடமும் கப்பலில் பழம் இறக்கியிருப்பார். அவரை இன்னும் ஒருமுறை என் முன்னால் இருத்தி, காலைப் பிடித்தாவது சொல்லிவிட முடியாதா என்று தவித்தேன்.

பேனை கேட்டேன்.

"இப்ப போட்டு என்னத்துக்கு மேடம்?"

"போடாமல் என்னால எழும்பிப் போக ஏலாது தம்பி" என்றேன். வெறும் இடத்தில் கையெழுத்து வைத்து, பக்கத்தில் அன்றைய திகதியையே எழுதினேன். பழைய திகதி போட எனக்கு உரிமை இல்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. ஹாஜியாரின் மனைவி திரையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"புள்ள, அப்ப அது நல்ல பழமா?"

எத்தனையோ கப்பலுக்குச் சான்றிதழ் எழுதியவள் நான். அந்த நேரம் எழும்பி நின்றுதான் சொல்ல முடிந்தது.

"ஓம் உம்மா. நல்ல பழம்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு மகனைப் பார்த்து, "மையவாடிக்குப் போய் வாப்பாட்டச் சொல்லிட்டு வா" என்றார்.

ரிஸ்வான் தொப்பியைப் போட்டு, கடிதத்தைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். எனக்கும் அவர் பின்னால் போக வேண்டும் போல் இருந்தது. அடக்கம் செய்த இடத்துக்குப் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. அவர் திரும்பி வரும் வரை உம்மாவோடு கடையில் இருந்தேன்.